செங்கரட்டுப்பாளையம் இறங்கிய கதை

ஒரே மழையில் ஓர் ஊர் இருபத்தோரு அடி கீழே இறங்கிவிட்டது என்று சொன்னால், அதெப்படி என்று கேட்காமல், எந்தப் பக்கமாக இறங்கியது, அங்கே யாருடைய நிலம் இருந்தது என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அதனால் நானும் அதெப்படி என்பதில் நேரத்தைப் போக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். செங்கரட்டுப்பாளையத்துக்குக் கரண்ட் கம்பி இழுத்த வயர்மேன் நான். ஊர் இறங்க இறங்கக் கம்பியை நீட்டிக் கொடுத்தவனும் நானே என்பதால், எத்தனை அடி இறங்கியது என்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

கரடு என்று நாங்கள் சொல்கிற பாறைக்குன்றின் கிழக்குச் சரிவில் ஒரே தெருவாகக் கிடந்த ஊர் அது. தெருவின் கீழ்ச்சாரியில் நாற்பத்தேழு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் அந்தந்த வீட்டு மானாவாரிக் காடு, காடுகளெல்லாம் போய் முடிகிற இடத்துக்கும் கீழே, ஊரைவிட அகலமாக வாயைத் திறந்துகொண்டு, கல்லெடுத்துக் கைவிட்ட குவாரிக் குழி. மேல்சாரியில் இருந்தது மயிலாத்தாளின் வீடு ஒன்றுதான். அவளுடைய இரண்டரை ஏக்கர் வீட்டுக்குப் பின்னால் கரட்டை ஒட்டி மேலே ஏறிப்போகும்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அவர்கள் காட்டில் புல் கிடையாது. சோளம் அறுத்த கையோடு தட்டைக்கட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்களென்றால், வரப்பு, வேலியோரம், பாறை இடுக்கு என்று ஓரிடம் விடாமல், அருகு, கோரை, நெருஞ்சி, கொழுக்கட்டைப்புல், பெயர் தெரியாத பூண்டு என்று ஒன்று விடாமல் வேரோடு வழித்துக் குவித்துத் தீ வைத்து, அந்தச் சாம்பலையும் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் இடுப்பை நிமிர்த்துவார்கள். பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை துண்டு இழுப்பு. ஊர்ப்பெரியவர் நல்லசிவம் வெளுத்த துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் பிடித்து ஒவ்வொரு காட்டிலும் மேலிருந்து கீழ்வரை தரையோடு இழுத்துக்கொண்டு வருவார், பின்னாலேயே ஊர் வரும். துண்டில் செம்மண் ஏறினால் குற்றமில்லை, அது சொந்த மண். ஒரு துரும்பு ஒட்டினால் போயிற்று. அந்த வருஷத்து மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் அந்த வீட்டு மாவிளக்கைக் கடைசியில்தான் ஏற்றுவார்கள், அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். புல் முளைத்த காடு என்று அந்த ஊரில் யாராவது சொன்னால், பேச்சு காட்டைப் பற்றியது அல்ல, அந்த வீட்டுப் பெண்களைப் பற்றியது. வழிக்கிறவர்கள் பெண்கள், துண்டு இழுக்கிறவர்கள் ஆண்கள் என்பதால் இந்த ஏற்பாட்டில் ஆண்களுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

மயிலாத்தாளின் புருஷன் போய் ஒன்பது வருஷம். ஒரே மகள் கோகிலாவை எதிர்வீட்டுக் குமரேசனுக்கே கட்டிக்கொடுத்திருந்தாள். வெளியூரில் எத்தனையோ நல்ல இடம் வந்தும் எதிர்வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம், இங்கே தாளித்தால் அங்கே மணக்க வேண்டும் என்று சொன்னாள். அப்படித்தான் இருந்தது. குழம்பை இறக்கிப் போசியில் ஊற்றித் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், மூடியைத் திறக்கும்போது மகள் முகத்தில் ஆவி அடிக்கும். அந்தத் தாய்க்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாசி மாதம் அவளுக்குச் சிக்குன்குனியா வந்து முழங்கால் இரண்டும் மடக்க முடியாமல் வீங்கிக்கொண்டன. குத்தவைத்து உட்கார முடியாதவள் எப்படிக் களைக்கொத்தைப் பிடிப்பாள்? பங்குனிக்குள் இரண்டரை ஏக்கரும் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப்புல் வந்து, கீழே நரிப்பயறு படர்ந்து, மண் எங்கே என்று தேடவேண்டியதாயிற்று. நல்லசிவம் துண்டை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பியபோது துண்டு முழுக்கப் புல்லின் கதிர்கள் மெத்தென்று ஒட்டியிருந்தன. அவர் துண்டை எல்லோரும் பார்க்கும்படி கொஞ்ச நேரம் பிடித்திருந்தார், அவ்வளவுதான். மயிலாத்தாள் கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்து அழுதாள். அடுத்த வாரம் அவள் மாடு அந்தப் புல்லைத் தின்று ஒன்றரைப் படி பால் கூடுதலாகக் கொடுத்தபோது அழுகையை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சித்திரை பதினொன்றாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு மழை வந்தது. ஒன்றேகால் மணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. ஆட்கள் வெளியே வந்து பார்த்தால் தெருவுக்கு எதிரே மயிலாத்தாள் வீட்டைக் காணவில்லை. அவள்தான் எங்கோ போய்விட்டாள் என்று நினைத்தார்கள். இருபத்தோரு அடி மேலே, பழைய இடத்திலேயே, மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தேழு வீடுகளும், மாரியம்மன் கோயிலும், ரேஷன் கடையும், தண்ணீர்த்தொட்டியும், டீக்கடையும், கயிற்றுக் கட்டில்களில் படுத்திருந்தவர்களும் வரிசை கலையாமல் கீழே இறங்கியிருந்தார்கள். சுவரில் ஒரு கீறல் இல்லை. டீக்கடைப் பலகைமேல் இருந்த கிளாசில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கம்பிதான் விறைத்துக்கொண்டு நின்றது என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. புல்லின்மேல் விழுகிற துளி தாளில் தொங்கி, தாளிலிருந்து தண்டுக்கு வந்து, தண்டிலிருந்து வேருக்கு இறங்கி, வேர் போன வழியிலேயே நிதானமாக மண்ணுக்குள் போய்விடும். வழித்த காட்டில் விழுகிற துளிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அது விழுந்த வேகத்தில் மண்ணை அறைய, மண் பூச்சுப் பூசிய சுவராட்டம் இறுகிக்கொள்ள, உள்ளே போக வழியில்லாமல் பள்ளம் பார்த்து ஓடும், ஓடுகிற தண்ணீர் வெறுங்கையோடு ஓடாது. மற்ற ஊர்களில் அது மண்ணைக் கொண்டுபோனது. செங்கரட்டுப்பாளையத்தில் ஊரையே கொண்டுபோனது. இதை நான் கம்பத்தின்மேல் உட்கார்ந்து பார்த்தே தெரிந்துகொண்டேன். ஊர்க்காரர்கள் யாரும் கம்பத்தில் ஏறவில்லை.

அவர்கள் வேறு காரியங்களைப் பார்த்தார்கள். சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து, ஊர் நகர்ந்தது என்று எழுத ரிஜிஸ்தரில் இடம் இல்லாததால் கரடு இருபத்தோரு அடி வளர்ந்துள்ளது என்று எழுதிவிட்டுப் போனார். பஸ் டிரைவர் இருபத்தோரு அடி தள்ளி நிறுத்தப் பழகிக்கொண்டார். எல்லாக் காடும் சமமாக இறங்கியதால் வரப்புத் தகராறுகள் தீர்ந்துவிட்டன என்று சந்தோஷப்பட்டார்கள். ஜோசியர் வந்து, பள்ளத்தை நோக்கிப் போகிற ஊருக்குத் தண்ணீரும் தானியமும் தானாக வரும் என்று சொல்லி ஒரு கூடை தக்காளி வாங்கிக்கொண்டு போனார். கிணறுகள் பாறையில் வெட்டியவை என்பதால் அவை மட்டும் இறங்காமல் மேலேயே நின்றுகொண்டன. தண்ணீர் சேந்த மொட்டைப் பாறைமேல் ஏறிப்போக வேண்டியதாயிற்று, போனாலும் கிணறுகள் வறண்டு கிடந்தன, மயிலாத்தாள் கிணற்றில் மட்டும் படிக்கட்டின் நாலாவது படிவரை தண்ணீர் நின்றது. அவள் கிணற்றில்தான் எல்லோரும் சேந்தினார்கள், சேந்தும்போது அவள் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சேந்தினார்கள். அந்த வருஷம் இன்னும் இரண்டு மழை வந்து, ஊர் மொத்தம் நூற்றுப்பத்து அடி இறங்கியது.

மயிலாத்தாளைப் பற்றிக் கோயில் வாசலில் கூடிப் பேசினார்கள். ஊர் எல்லாம் ஒன்றாக ஒரு பக்கம் போகும்போது ஒருத்தி மட்டும் வராமல் நின்றுகொள்வது என்ன பழக்கம் என்று நல்லசிவம் கேட்டார். அவள் எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறாள் என்று டீக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். இருந்த இடத்தில் இருப்பதுதான் குற்றம் என்று முடிவாயிற்று. அவள் தன் இஷ்டத்துக்கு ஊரை விட்டு மேலே போய்விட்டவள், பாறையோரத்துக் கிணற்றைத் தவிர அவள் காட்டில் ஊர்க்காரர் யாரும் கால் வைக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். மீறிப் போனால் யாருக்கும் தெரியாமல் இருக்காது, அந்தப் புல்லின் கதிர் சேலைக் கரையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்து காட்டிக் கொடுத்துவிடும். குமரேசனின் தங்கைக்கு வரன் வேறு பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒரு கதிரோடு கோகிலா வீட்டுக்குள் வந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை போய்விடும் என்று குமரேசன் கெஞ்சினான். அவன் கெட்டவன் இல்லை, ஊர் என்ன சொல்லும் என்பதை ஊர் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுகிற காது அவனுக்கு.

அதன்பின் தாயும் மகளும் நடுவில் இருந்த மொட்டைப் பாறையில் சந்தித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பாறை நீண்டது. நான் அதில் முதலில் ஒரு கம்பம் நட்டேன், பிறகு இரண்டு, அடுத்த வருஷம் நாலு. கோகிலா வயிற்றில் பிள்ளையோடு ஏறி வந்தாள், பிறகு இடுப்பில் பிள்ளையோடு ஏறி வந்தாள். குழம்பு ஆறிப்போய்த்தான் அவள் கைக்கு வந்தது. மயிலாத்தாள் என்னிடம் ஒருநாள், நான் கம்பத்திலிருந்து இறங்கியதும், இன்னும் எத்தனை அடி மிச்சம் இருக்கிறது என்று கேட்டாள். எதற்கு என்று தெரிந்துகொண்டே எதற்கு என்று கேட்டேன். குழிக்கு என்றாள். குமரேசன் காட்டுக்குக் கீழேதான் குழி மிகப் பக்கத்தில் இருந்தது. இரண்டு மழை, அதிகம் போனால் மூன்று என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து போசியில் குழம்புக்கு அடியில் ஒரு தட்டு, தட்டுக்கு அடியில் ஈரத்துணியில் சுற்றிய புல் குத்துகள் போக ஆரம்பித்தன. புரட்டாசித் தூறலில் கோகிலா அவற்றைத் தன் காட்டின் கடைசி நாலு முழத்தில், குழியைப் பார்த்த ஓரமாக, மூன்று வரிசையாக நட்டு, இடையில் கொள்ளு விதைத்தாள். களையெடுக்கிறவர்கள் குழிக்குப் பயந்து அந்தப் பக்கம் போவதில்லை. துண்டு இழுப்பவர்கள் அதற்கு இருபது அடி முன்பாகவே திரும்பிவிடுவார்கள், தங்கள் கால் வழுக்கிவிடும் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. குமரேசன் ஒருநாள் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி திரும்பி வந்தான். அவன் வாழ்க்கையில் அதுவரை செய்த தைரியமான காரியம் அது.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. முதல் நாளே ஊர் கிளம்பிவிட்டது. வழக்கம்போல ஆட்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டும், பல்லாங்குழி ஆடிக்கொண்டும், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, குழி கண்ணுக்கு நேராகத் தெரிகிற தூரத்தில், குமரேசன் காட்டின் கடைசி நாலு முழம் நகர மறுத்தது. மேலேயிருந்து ஒரே பலகையாக வந்த ஊர் அதில் முட்டி நின்றது. இரண்டரை வருஷமாகச் சிந்தாத டீ அன்றுதான் சிந்தியது. கட்டிலில் இருந்தவர்கள் கீழே விழுந்தார்கள். கோயில் மணி தானாக ஒருமுறை அடித்தது.

மழை நின்றதும் எல்லோரும் காட்டுக் கோடிக்குப் போய்ப் பார்த்தார்கள். முழங்கால் உயரப் புல் மூன்று வரிசை, அதற்குக் கீழே ஆகாயம். எட்டிப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. யார் வைத்தது என்று கேட்டபோது கோகிலா ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாள். குமரேசனின் தங்கை அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஆனால் நல்லசிவம் நியாயம் தெரிந்த மனிதர். ஊரை நிறுத்தியவள் இவள் என்று எல்லோர் முன்பும் சொன்னார். இவள் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு நாம் இல்லை என்றார், சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. இப்படிப்பட்டவளுக்கு ஊர் என்ன மரியாதை செய்வது என்று கோயில் வாசலில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். சேலை எடுத்துக் கொடுக்கலாம் என்றார்கள், போதாது என்றார்கள். முதல் மாவிளக்கு என்றார்கள், அதுவும் போதாது என்றார்கள். கடைசியில் அந்த ஊர் அறிந்த மரியாதைகளிலேயே பெரியது எதுவோ, இதுவரை எந்த வீட்டுக்கும் செய்யாதது எதுவோ, அதைச் செய்வதென்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். ஊரே திரண்டு போய், நல்லசிவம் தன் கையால் முதல் கொத்துப் போட்டு, கோகிலாவின் காட்டை ஒரு புல் இல்லாமல் வழித்துக் கொடுப்பது.

வெள்ளிக்கிழமை காலையில் மேளத்தோடு வந்தார்கள். இருபது வருஷமாகக் களைக்கொத்தைத் தொடாத ஆண்கள் அன்று தொட்டார்கள். செய்தி கேட்டு மயிலாத்தாள் மொட்டைப் பாறையைக் கடந்து, இரண்டரை வருஷத்துக்குப் பிறகு ஊருக்குள் இறங்கி வந்தாள். நல்லசிவம் அவளுக்குப் பங்காளி முறையில் அண்ணன். அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்கண்ணா, அதைய வழிச்சுப்போட்டா ஊரு மறுக்கா இறங்கிருமுங்க.”

நல்லசிவம் கோபப்படவில்லை. விவரம் தெரியாத தங்கைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். “அதான் நின்னுருச்சில்ல மயிலா. நின்னுபோன ஊருக்கு அப்பறம் எதுக்குப் புல்லு?”

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள், அந்தக் கேள்வி அத்தனை தெளிவாக இருந்தது.

மேளம் அடித்தது. யாரும் கூப்பிடாமலே கோகிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயின் பக்கத்தில் வந்து நின்றாள், பிறகு குமரேசனைப் பார்த்து, நீங்களும் வாருங்கள் என்றாள். அவன் கையில் களைக்கொத்து இருந்தது. ஊரே என் காட்டில் வேலை செய்யும்போது நான் எப்படி வருவது என்றான். அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது, அந்த ஊரில் எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. அவள் பாறையில் ஏறும்போது மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்று தடவையும் அவன் குனிந்து வழித்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் மழையில் ஊர் குழிக்குள் இறங்கியது. பயப்பட ஒன்றுமில்லை, மெல்லத்தான் இறங்கியது, யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை, தெரு தெருவாகவும் கோயில் கிழக்குப் பார்த்தும் அப்படியே அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. எனக்கு வேலை சுலபமாயிற்று, கம்பியை நேராகத் தொங்கவிட்டால் போதும். வெயில் பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடுவதால் வடகம் காயவில்லை என்பதைத் தவிர முதலில் பெரிய குறை யாருக்கும் இருக்கவில்லை. இனிமேல் இறங்க இடமில்லை, செங்கரட்டுப்பாளையம் நிலையான ஊர் ஆகிவிட்டது என்று பெருமைப்பட்டார்கள். வழித்த சரிவுகளிலிருந்து மழை நாலு பக்கமும் வழிந்து குழிக்குள் வந்தது. தண்ணீர் கணுக்கால் வரை நின்றது, பிறகு முழங்கால் வரை நின்றது. கட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்திக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மழைநீர் சேமிப்புக்கு விருது கொடுக்க ஊர் தேடிக்கொண்டு வந்த அதிகாரி ஒருவர், குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மெய்மறந்து போனார். ஊரில் பெய்த மழையில் ஒரு சொட்டுகூட ஊரை விட்டு வெளியே போகாத ஓர் ஊரை அவர் தன் சர்வீசில் பார்த்ததே இல்லை. செருப்பு நனையும் என்பதால் அவர் இறங்கவில்லை. கேடயத்தையும் சான்றிதழையும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். நல்லசிவம் முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், கீழே எல்லோரும் கைதட்டினார்கள், தண்ணீருக்குள் நின்று தட்டிய அந்தக் கைதட்டல் குழியில் மோதி மேலே வந்தபோது கோகிலா காதைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் அந்தக் கூட்டத்தில் நின்றான். அடுத்த மழையில் தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது.

லாரிகள் கல் ஏற்றிப் போன பழைய தடம் குழியின் தென்பக்கத்தில் அப்படியே இருந்தது. நடந்தால் பத்து நிமிஷத்தில் மேலே வந்துவிடலாம். ஊரை விட்டு முதலில் மேலே வருகிற ஆளாக இருக்க யாருக்கும் மனமில்லை. அதனால் மேலே இருந்த இரண்டு பேரும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். குழந்தையைப் புடவையில் முதுகோடு கட்டிக்கொண்டு கோகிலா குழி தோண்ட, முழங்கால் மடங்காத மயிலாத்தாள் நின்றபடியே புல் குத்துகளைப் போட, மகள் காலால் மண்ணைத் தள்ளி மிதித்து, ஊர் கழன்று போன மொட்டைச் சரிவின் விரிசல்களில் ஆரம்பித்து, குழியின் விளிம்பைச் சுற்றி வளையமாகப் புல்லும் கொள்ளும் நரிப்பயறும் வைத்துக்கொண்டே போனார்கள். என்னத்துக்கு இந்தப் பாடு என்று கேட்டேன். கீழே அவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார் என்றாள் கோகிலா. அதற்குமேல் என்ன கேட்பது? கம்பம் நடுகிற கடப்பாரையை நானும் எடுத்துக்கொண்டேன்.

பதினாலு மாதத்தில் வளையம் முடிந்தது. மழை வந்தது, குழிக்குள் வழக்கமாக நாலு பக்கமும் அருவியாக விழுகிற தண்ணீர் விழவில்லை. கீழே தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் குறைந்தது, அடுத்த மழைக்குப் பிறகு கணுக்காலுக்கு வந்தது. கீழே பதறிவிட்டார்கள். ஊருக்கு வரவேண்டிய மழையை மேலே இரண்டு பெண்கள் புல் வைத்துத் தடுக்கிறார்கள், இப்படியே போனால் ஊர் காய்ந்து கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும், எனவே அந்தப் புல்லை உடனே வழித்தெடுக்க உத்தரவிட வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மேலே அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பெண்களிடமே காட்டி அவர்களுடைய சம்மதத்தையும் வாங்கிவிட்டால் வேலை சுலபம் என்று நல்லசிவம் சொன்னார். யாரை அனுப்புவது? அவர்கள் வீட்டு மாப்பிள்ளையைத்தான்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் குமரேசன் லாரித் தடம் ஏறி வந்தான். நான் மயிலாத்தாள் வீட்டு நிலைப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேட்டியை இரண்டு கையாலும் தொடைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே வந்தான், மேலே தண்ணீர் இல்லை என்பதை அவன் கை இன்னும் அறியவில்லை. பாதங்கள் வெளுத்துச் சுருங்கி, பிணத்தின் பாதங்களாக இருந்தன. கோகிலா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். மனுவை மடியிலிருந்து எடுத்து மாமியாரிடம் நீட்டினான். அவள் வாங்கினாள், பிரிக்கவில்லை.

“கைநாட்டு வெக்கறனுங் மாப்ள, அது ஓடியா போகுது. சித்தெ ஒக்காருங்க. மொதல்ல காலு காயட்டும்.”

அவன் வாசலைத் தாண்டிப் புல்லின்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வரச்சொல்லி எல்லோரும் கூப்பிட்டோம், அவன் வரவில்லை. மழையில் நனைந்தபடி, கால் இரண்டையும் தூக்கிக் கட்டிக்கொண்டு, மேலேயிருந்து தண்ணீர் வருவதற்காகக் கரட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம் பெய்தது. தண்ணீர் வரவில்லை. மழை விட்டு, வெயில்கூட ஒரு கீற்று எட்டிப் பார்த்தது. அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, விளங்காத கணக்கைக் கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டான்.

“பேஞ்ச மழ பூராவும் எங்கீங்க அத்தெ போச்சு?”

“எங்கயும் போவுலீங் மாப்ள. நீங்க ஒக்காந்திருக்கற எடத்துக்கு அடியிலதான் இருக்குது.”

அவன் உள்ளங்கையைப் புல்லுக்குள் விட்டு மண்ணில் வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. அவன் தோள் குலுங்கியதைப் பார்த்துக் கோகிலா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள், குழந்தை இது யார் என்று அவளிடம் கேட்டது. கீழே குழியிலிருந்து, மனு என்ன ஆயிற்று என்று கேட்டு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊரே சேர்ந்து கூப்பிட்டது, அவன் பெயர் நாலு சுவரிலும் மோதி நாலு தடவை மேலே வந்தது. குமரேசன் காலை நீட்டிக்கொண்டான்.